உறைஞ்ச கடல் மேல ஸ்கீ பயணம்: அஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போறவர் என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

மண்டபம்துடுப்பு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம், பாம்பன் பக்கம் கயாக் விடுற நாங்க அஞ்சு பேரு. வர்ற ஏப்ரல்ல ஆர்க்டிக்ல உறைஞ்ச கடல் மேல ஸ்கீ போட்டு, சாமான் வண்டியை இடுப்புல கட்டி இழுத்துக்கிட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் போகலாம்னு இருக்கோம். குல்மார்க்ல ஸ்கீ அடிப்படைப் பயிற்சி எல்லாரும் முடிச்சாச்சு. அணியை நடத்துற பொறுப்பு என் தலையில விழுந்திருக்கு.

மலையேற்றம், பனியாறு பத்திப் படிக்க நிறைய இருக்கு. கீழே தண்ணி ஓடுற ஐஸ் மேல அஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போறது எப்படின்னுதான் தெளிவா எங்கயும் கிடைக்கல. எங்க போறது நல்லது? 89 டிகிரி வட அட்சரேகையில இறங்கி வடதுருவம் வரைக்கும் போற 'கடைசி டிகிரி' எங்களுக்குச் சரிப்படுமா? ஐஸ் தாங்குமா தாங்காதான்னு எதை வச்சு முடிவு பண்றது? பிளவு வந்தா என்ன செய்றது? வெயில்லயே வளர்ந்த உடம்பு மைனஸ் 30-க்கு என்ன பண்ணும்? ராமநாதபுரம் கடற்கரையில இருந்துக்கிட்டே எதையெல்லாம் பழகிட்டுப் போகலாம்? 'போகாதீங்க'ன்னு சொல்றவங்க காரணத்தோட சொன்னா அதையும் கேட்டுக்குறோம்.

உறைகடல் பதில்:

கடைசி டிகிரியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தூரம் குறைவுதான், 60 கடல் மைல், அதாவது 111 கி.மீ. ஆனால் அங்கே போய் இறங்குவதே பெரும்பாடு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்இயர்பியன் ஊரிலிருந்து பறந்து, பர்னியோ என்ற மிதக்கும் முகாமில் இறங்கி, அங்கிருந்து ஹெலிகாப்டரில் 89-க்குப் போவதுதான் வழக்கமாக இருந்தது. 2019-ல் விமானத் தகராறில் அந்த சீசனே ரத்தானது. அதற்குப் பிறகு முன்பணம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடிய ஏற்பாடாக அது இல்லை. கனடாக் கரையிலிருந்து துருவம் வரை முழுத் தூரத்தையும், சுமார் 770 கி.மீ., 2014-ல் எரிக் லார்சனும் ரயன் வாட்டர்ஸும் 53 நாளில் முடித்தார்கள். வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 14, 15 கி.மீ. தேர்ந்த கைகளுக்கே அவ்வளவுதான்.

முதல் பயணத்துக்குக் கரையோடு ஒட்டி உறைந்த ஐஸ்தான் ஏற்றது. கனடாவின் பாஃபின் தீவுக் கிழக்குக் கரை, கிக்கிக்தார்ஜுவாக் ஊர்ப் பக்கத்து ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்), ஏப்ரலில் நல்ல தேர்வு. அங்கே ஐஸ் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுக்கடல் ஐஸ் போல ஓடாது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களில் ஒரு உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த முனையில் ஐஸ் வருஷா வருஷம் மெலிந்திருக்கும் என்பது வரைபடத்தில் இருக்காது, அவர்களுக்குத் தெரியும்.

ஓடும் ஐஸ் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால் இந்தக் கணக்குக்காக. 1893 முதல் 1895 வரை ஃப்ராம் கப்பலோடு ஐஸில் சிக்கி மிதந்த நார்வேக்காரர் நான்சென் கவனித்தது: காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 2 சதவீத வேகத்தில் ஐஸ் ஓடும், காற்று போகும் திசைக்கு 20 முதல் 40 டிகிரி வலப்பக்கமாக விலகி ஓடும். மணிக்கு 40 கி.மீ. எதிர்காற்று அடித்தால் ஐஸ் மணிக்கு 0.8 கி.மீ. பின்னால் போகிறது. கூடாரத்துக்குள் ஒன்பது மணி நேரம் இருந்துவிட்டு எழுந்தால் ஏழு கி.மீ. போச்சு. அன்றைய உழைப்பில் பாதி அது. நீவாடு (நீரோட்டம்), கச்சான் (மேல்காற்று) என்று கணக்குப் பார்த்துத் துடுப்பு போடும் உங்களுக்கு இது புரியாத விஷயமில்லை. ஆனால் இரவில் கரையேறி நிற்க அங்கே கரை கிடையாது.

கரை ஒட்டிய ஐஸிலும் மூன்று இடங்களைப் பார்த்து நடக்க வேண்டும். முதலாவது, கரையோரத்து ஓதப் பிளவு (ஓதம் என்றால் கடல் மட்டம் ஏறி இறங்குவது). ஐஸ் ஓதத்தோடு ஏறி இறங்கும், கரை நகராது. அதனால் அந்த மூட்டில் எப்போதும் வெடிப்பும் சேறுபோன்ற ஐஸும் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாவதால் வெடிப்பும் பெரிதாகும். பயணத் தேதி போடும்போதே பஞ்சாங்கம் பாருங்கள், நல்ல நேரத்துக்காக அல்ல. இரண்டாவது, கடலோரமாக ஐஸ் முடியும் விளிம்பு. அங்கிருந்து பெரிய துண்டு கழன்று போய்விடும், உங்களையும் சேர்த்து. மூன்றாவதுதான் ஆளை விழுங்குவது: நீரோட்டம் இறுகும் குறுகல்கள். பாம்பன் பாலத்துக்கு அடியில் வெள்ளம் எப்படி நெருக்கி ஓடுகிறதோ அப்படி இரண்டு தீவுக்கு நடுவிலோ முனையைச் சுற்றியோ ஓடும் தண்ணீர், ஐஸை அடியிலிருந்தே கரைத்துக்கொண்டிருக்கும். மைனஸ் 30 இருந்தாலும் அங்கே ஐஸ் மெலிசு. மேலே பனி மூடியிருந்தால் வெள்ளை வெளேரென்று மற்ற இடம் போலவே தெரியும். அதோடு பனி ஒரு போர்வை. அடியில் ஐஸ் கெட்டியாவதையும் அது தடுக்கும்.

தாங்குமா என்பதற்கு வருகிறேன். கடல் நீர் சுமார் மைனஸ் 1.8-ல் உறையும். புது ஐஸுக்குள் உப்புநீர் குமிழ்கள் மாட்டியிருப்பதால் ஏரி ஐஸைவிட அது பலவீனம். அதே நேரத்தில் சட்டென்று உடையாமல் வளைந்து கொடுக்கும். கறுப்பாக, ஈரமாகத் தெரிவது 10 செ.மீ.க்குக் கீழ். சாம்பல் நிறம் என்றால் 10 முதல் 15. சாம்பல் வெளுத்தால் 15 முதல் 30. கறுப்பில் அணியைக் கூட்டிப் போகக் கூடாது, விவாதமே வேண்டாம். சாம்பலில் முன்னால் போகிறவர் ஸ்கீ கம்பால் ஓங்கிக் குத்திப் பார்க்க வேண்டும். முதல் குத்திலேயே உள்ளே போனால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஒரே இடத்தில் மூன்று குத்து தாங்கினால் ஒருவர் பின் ஒருவராக, ஸ்கீ கழற்றாமல் போகலாம். கம்பு முனையில் நீர் கசிந்து ஏறுவதையும் பாருங்கள். நிற்கக் கூடாது, கூடக் கூடாது. புகைப்படத்துக்கு நின்றால் அங்கேயே திட்டுங்கள்.

புதிதாகத் திறந்த பிளவு எப்போது கடக்கத் தக்கதாகும் என்பதற்கு லெபெதேவ் என்பவரின் 1938-ம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. மைனஸ் 30-ல் ஒரு நாளில் சுமார் 9 செ.மீ., இரண்டு நாளில் 14 செ.மீ. அளவுக்கு உறையும். மைனஸ் 15-ல் முதல் நாள் 6 செ.மீ.தான். இது நீரோட்டம் இல்லாத இடத்துக்கான சராசரி. எனவே குளிர் நாளில் 'இங்கேயே முகாம் போட்டுக் காத்திருப்போம்' என்பது சோம்பல் இல்லை, அதுவும் ஒரு முடிவு. அதற்காகவே பன்னிரண்டு நாள் பயணத்துக்கு மூன்று நாள் உபரி உணவு வையுங்கள்.

கீழக்கரைக்காரன் பதில்:

மேல சொன்னவரு போற இடத்தைச் சொல்லிட்டாரு. நான் நம்மூர்ல என்ன பழகலாம்னு சொல்றேன் தம்பி.

ரொம்பக் குளிர்ந்த பனியில வண்டி வழுக்காது. ஸ்கீக்கு அடியில பனி லேசா உருகி ஒரு நீர்ப்படலம் வர்றதாலதான் வழுக்கறதே; மைனஸ் 30-க்குக் கீழ அந்தப் படலம் சரியா வராது, இழுக்கிறப்போ காய்ஞ்ச மணல்ல இழுக்குற மாதிரியேதான் இருக்கும். அதனால அரியமான் கடற்கரையும் தனுஷ்கோடி மணலும் உங்களுக்கு ஓசியில கிடைச்ச பயிற்சிக்களம். பழைய கார் டயர் ரெண்டை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கட்டி, ஹார்னஸ்ல (இடுப்புல மாட்டுற வார்ப்பட்டை) மாட்டி இழுங்க. கயிறு மூணு மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைஞ்சா டயர் மேல் நோக்கித் தூக்கி இழுபடும், இடுப்பு போயிடும். ஆரம்பத்துல ஒரு மணி நேரம், ரெண்டு மாசத்துல நாலு மணி நேரம், வாரம் மூணு தடவை. விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு எட்டு மணிக்குள்ள முடிங்க. உப்புப் போட்ட மோர் இல்லாம இறங்காதீங்க. தனுஷ்கோடிப் பக்கம் மாலைக்கு மேல போலீஸ் இருக்க விடாது, காலையில போறதும் கேட்டுக்கிட்டுப் போங்க.

முக்கியமான விஷயம்: 50 நிமிஷம் இழு, 7 நிமிஷம் நில்லு. கடிகாரத்தை வச்சே பழகுங்க. அங்க நாள் முழுக்க இதேதான் எட்டுச் சுத்து. ஆள் தளர்றதுக்கு முன்னாடியே நிக்கணும், உடம்பு ஆறுறதுக்கு முன்னாடியே கிளம்பணும். இந்தத் தாளம் அஞ்சு பேருக்கும் ஒண்ணா வர்றதுதான் அணிங்கிறது.

அடுத்தது கை. மீன் கம்பெனிக் குளிர்பதன அறையில மைனஸ் 18 இருக்கும். உறையவைக்கிற அறையில அதைவிடக் கீழ. தெரிஞ்ச இறால், நண்டு ஏற்றுமதிக் கம்பெனியில அனுமதி கேட்டு, ஆள் துணையோட, அரை அரை மணி நேரமா உள்ள போய்ப் பழகுங்க. கனத்த மிட்டன் (விரல் பிரிக்காத கையுறை) போட்டுக்கிட்டே கூடாரக் கம்பியைக் கோக்கணும், ஸ்கீ மாட்டணும், ஜிப் இழுக்கணும், பேட்டரி மாத்தணும். உள்ளுக்குள்ள கம்பளிக் கையுறை, மேல மிட்டன், மிட்டன் கயிறு கழுத்தைச் சுத்தி. வெறுங்கையை வெளிய எடுத்து வேலை பாக்குற பழக்கம் இங்கயே ஒழியணும். எல்லா ஜிப்லயும் பத்து செ.மீ. கயிறு கட்டி வைங்க. அடுப்பை மட்டும் அந்த அறைக்குள்ள பத்தவச்சிடாதீங்க. கார்பன் மோனாக்சைடு வாசமில்லாம ஆளை முடிச்சிடும்.

வண்டிய பல்க்னு சொல்வாங்க. நீங்க போற தூரத்துக்கு ஆளுக்கு 45 கிலோ வரும். அதை இங்கயே வடகடல்ல, அதான் பாக் விரிகுடாவுல, மிதக்கவிட்டுப் பாருங்க: 45 கிலோ மணல் மூட்டை வச்சு, மேல்துணியை ஜிப் போட்டு மூடி, காத்தில்லாத நாள்ல. ஒருபக்கம் சாய்ஞ்சா சாமான் அடுக்குனது தப்பு. கனமான எரிபொருள் நடுவுல, அடியில. உணவுக்குக் கீழ எரிபொருள், எப்பவும். கசிஞ்சா சாப்பாடு தப்பிக்கணும்.

ஐஸ் ஆணி ரெண்டு கழுத்துல தொங்கும் இல்லையா, தண்ணியில விழுந்தா குத்தி ஏற. ஐஸ் கம்பெனியில 50 கிலோ பார் வாங்கி, அதுல எவ்வளவு அழுத்திக் குத்துனா பிடிக்குதுன்னு கையால தெரிஞ்சுக்குங்க. அப்படியே அங்க உப்புத் தண்ணித் தொட்டியையும் பாத்துட்டு வாங்க. பார் உறையற குளிர்ல அந்த உப்புத் தண்ணி திரவமாவே சுத்திக்கிட்டிருக்கும். கடல் ஐஸுக்குள்ள மாட்டுற உப்புநீர் அப்படித்தான் உறையாம கிடக்கும். குடிதண்ணிக்குப் புது ஐஸை உருக்கிடாதீங்க. மேலாப்புல உள்ள பனியை எடுங்க, ஐஸைத் தொட்டுக்கிட்டிருக்குற அடிப்பனி உப்புக் கரிக்கும். பாத்திரத்துல முதல்ல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி அப்புறம் பனியைப் போடணும், இல்லன்னா பாத்திரம் தீஞ்சிடும்.

டாக்டரம்மா_பரமக்குடி பதில்:

உடம்பு பற்றிக் கேட்டதற்கு மட்டும்.

மைனஸ் 30-ல் மணிக்கு 30 கி.மீ. காற்று இருந்தால் தோலுக்கு அது மைனஸ் 46 போல. மூக்கு நுனி, கன்னம், காது மடல், விரல் நுனி நிமிடங்களில் உறையத் தொடங்கும். புத்தகங்களில் எல்லாம் 'வெள்ளைத் திட்டு தெரிகிறதா பாருங்கள்' என்று இருக்கும். நம் நிறத்தில் அப்படிப் பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்தது போல, மெழுகு பூசியது போல மங்கிய திட்டாகத் தெரியும். தொட்டால் உணர்ச்சி இருக்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருவர் இருவராக முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஐந்தாமவரைத் தலைவர் பார்க்க வேண்டும். பார்க்கும்போது முகமூடியை இறக்கச் சொல்லுங்கள். 'நல்லாத்தான் இருக்கேன்' என்பது பதில் அல்ல, உறைந்த இடம் வலிக்காது.

ஆரம்பநிலை என்றால் வெறும் உள்ளங்கையை வைத்து அப்படியே பிடித்துச் சூடேற்றுங்கள். விரல் என்றால் அக்குளில். தேய்க்கவே கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். தோல் கட்டை போலக் கெட்டியாகிவிட்டால், மறுபடி உறைய வாய்ப்பிருக்கும் வரை அதை உருக்க வேண்டாம். உருகி மறுபடி உறைந்த விரலை அநேகமாக இழப்பீர்கள். வெளியேற்றம் உறுதியான பிறகு 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்கலாம். வலி கடுமையாக இருக்கும். அந்த மாத்திரை கூடாது என்று சொல்லப்படாதவர்களுக்கு ஐபுப்ரோஃபென் கொடுக்கலாம். கால் உறைந்தவரை நடக்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்றால் உருக்காமலே நடக்கவையுங்கள்.

வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களுக்குக் குளிரில் விரலுக்கு ரத்தம் திரும்புவது மெதுவாக இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கையுறையை ஒரு படி கூட்டிப் போடுங்கள், அவ்வளவுதான். தொடை முன்பக்கம் இன்னொரு இடம். காற்று ஒரே பக்கமாக நாள் முழுக்க அடித்தால் கால்சட்டைக்குள்ளேயே தோல் சிவந்து, கன்றி, புண்ணாகும். மெல்லிய பஞ்சுவைத்த அரைக்கால்சட்டை ஒன்று மேலே போட்டால் தீர்ந்தது.

வியர்வைதான் உங்கள் முதல் எதிரி. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். சூடாகக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் நனைவீர்கள், அந்த ஈரம் நிறுத்தத்தில் ஐஸாகும். நின்ற உடனே, தண்ணீர் குடிப்பதற்கும் முன்னால், பெரிய இறகு ஜாக்கெட். காலணிக்குள் காலுறைக்கும் காலணியின் உள்ளுறைக்கும் நடுவே ஆவி புகாத ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். தூங்கும் பைக்குள்ளும் அப்படியே. இல்லாவிட்டால் உடம்பு விடும் ஈரம் பைக்குள் உறைந்து, நாளுக்கு நாள் பை கனத்துக்கொண்டே போகும், சூடு குறைந்துகொண்டே போகும்.

தண்ணீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு: முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறல், அதில் பதறாமல் மூச்சைச் சீராக்க வேண்டும், 10 நிமிடம்வரை கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் ஏற வேண்டும், மயக்கத்துக்குச் சுமார் 1 மணி நேரம் இருக்கிறது. அவசரம் பத்து நிமிடத்துக்குத்தான், பயம் ஒரு நிமிடத்துக்குத்தான். ஏறியதும் காய்ந்த பனியில் உருட்டுங்கள், பனி ஈரத்தை உறிஞ்சும். உடனே கூடாரம், அடுப்பு, மாற்று உடை. அந்த மாற்று உடை ஒவ்வொருவர் வண்டியிலும் மேலாக, நீர்புகாப் பையில், தனி நிறத்தில் இருக்க வேண்டும்.

மண்டபம்துடுப்பு:

ரொம்ப நன்றி. டாக்டரம்மா, நிறம் பத்திச் சொன்னதை வேற எங்கயுமே பாக்கல. இன்னும் மூணு சந்தேகம். மலையில மாதிரி அஞ்சு பேரும் ஒரே கயித்துல கட்டிக்கிட்டுப் போகலாமா? யார் முன்னால போறது, தலைவர்தானா? நெய், கடலைமிட்டாய், கருவாடுன்னு நம்மூர்ச் சாப்பாட்டை எடுத்துட்டுப் போனா ஆகாதா?

உறைகடல் பதில்:

கயிறு வேண்டாம். பனியாற்றுப் பிளவில் விழுபவர் தொங்குவார், கயிறு பிடிக்கும். கடல் ஐஸில் உடைந்தால் சுற்றிலும் உடையும். கயிறு அடுத்தவரை உடைந்த இடத்துக்கே இழுக்கும். நீங்கள் கயாக்கில் வைத்திருக்கும் வீசுகயிற்றுப் பை அப்படியே இங்கே பொருந்தும். பாலிபுரோப்பிலீன் கயிறாக இருக்கட்டும், மிதக்கும், நீர் குடிக்காது. முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் ஒவ்வொன்று, கைக்கெட்டும் இடத்தில்.

மெலிந்த ஐஸைக் கடக்கும் முறை: கம்பின் கைவாரைக் கழற்றுங்கள். ஹார்னஸ் கொக்கியை, ஒரு இழுப்பில் அவிழும்படி வையுங்கள். வண்டியைப் பத்து மீட்டர் கயிற்றில் பின்னால் விட்டுவிட்டு ஆள் முதலில் கடக்க வேண்டும், பிறகு மறுகரையில் நின்று வண்டியை இழுக்க வேண்டும். ஒருவர் கெட்டியான ஐஸை அடைந்து கை தூக்கிய பிறகே அடுத்தவர் இறங்கலாம். விழுந்தவர் வந்த பக்கமே திரும்பி ஏறட்டும். அந்தப் பக்கம் அவரைத் தாங்கியது, முன்பக்கம் தாங்குமா தெரியாது. ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும்.

திறந்த நீர் குறுக்கே வந்தால் முதலில் சுற்று வழி. பிளவுகள் நேராக ஓடுவதில்லை, வளைந்து வளைந்து போகும். வளைவுகளில் இரு கரையும் நெருங்கும், உடைந்த துண்டுகள் மாட்டிப் பாலமாகியிருக்கும். ஒரு பக்கம் அரை மணி நேரம் பாருங்கள், கிடைக்காவிட்டால் மறுபக்கம். வண்டிகளை அங்கேயே விட்டு இரண்டு பேர் மட்டும் போய்ப் பார்ப்பது நல்லது, கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள். தொலைவில் மேகத்தின் அடிவயிறு கறுத்திருந்தால் அதன் கீழே திறந்த நீர்; ஐஸ் இருக்கும் பக்கம் மேகம் வெளுத்திருக்கும். தரையிலிருந்து புகை எழுந்தால் அதுவும் நீர்தான். இரண்டு பல்க்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கீக்களைக் குறுக்கே கட்டி மிதவையாக்கலாம். 2001-ல் நார்வேக்காரர் பொர்கே ஊஸ்லான்ட் தனியாக ஆர்க்டிக்கைக் கடந்தபோது உலர்சூட் (முழுக்க மூடிய நீர்புகா உடை) போட்டு நீந்தியே பிளவுகளைத் தாண்டினார். பழகி வையுங்கள், வடகடலில் பழகினால் அந்த உடைக்குள் வெந்துவிடுவீர்கள், பத்து நிமிடம் போதும். ஆனால் கரை ஒட்டிய ஐஸில் இதைச் செய்யவேண்டி வந்தால் நீங்கள் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள், திரும்புங்கள்.

யார் முன்னால்? சுற்றுக்கு ஒருவர். வழி பிடிப்பது மூளையைக் களைக்கும் வேலை. ஆகத் தளர்ந்தவர் இரண்டாவதாக வரட்டும், வேகம் அவருடையது. தலைவர் பெரும்பாலும் கடைசி. எல்லார் நடையும் அங்கிருந்துதான் தெரியும். ஒருவர் திடீரென்று பேச்சை நிறுத்தினாலோ, கம்பு ஊன்றுவது தடுமாறினாலோ, மிட்டனைக் கீழே விட்டுவிட்டு எடுக்காமல் போனாலோ, அங்கேயே நிறுத்திக் கூடாரம் போடுங்கள். அன்றைய கி.மீ. கணக்கு முடிந்தது.

திசைக்கு வெயில் போதும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். உண்மையான நண்பகலில் நிழல் வடக்கே விழும். கிக்கிக்தார்ஜுவாக் 64 டிகிரி மேற்கில் இருப்பதால், ஏப்ரல் நடுவில் அங்கத்தியக் கடிகாரப்படி நண்பகல் சுமார் 12.16. காந்த ஊசி நம்மூரில் ஓரிரு டிகிரிதான் விலகும். அங்கே 25 டிகிரிக்கு மேல் மேற்கே விலகும். திருத்தம் போடாமல் ஊசியை நம்பினால் பத்து கி.மீ.யில் நாலு கி.மீ. தள்ளிப் போவீர்கள்.

ஐஸ் கட்டிகள் முட்டி மோதி எழும்பிய மேடுகளில் அவசரம் கூடாது. சமதளத்தில் மணிக்கு மூன்று கி.மீ. போகிறவர்கள் அங்கே ஒரு கி.மீ.கூடப் போக மாட்டார்கள். வண்டியில்லாமல் மேலேறி வழி பாருங்கள். பெரிய மேட்டில் ஸ்கீயைக் கழற்றி, ஒரு வண்டிக்கு ஒருவர் இழுக்க ஒருவர் தள்ள. இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து வந்து முழங்காலில் அடிக்கும். கட்டிகளுக்கு நடுவே பனி மூடிய குழியில் கால் சிக்கியிருக்கும்போது அடித்தால் எலும்பு முறிந்துவிடும். வண்டியைப் பக்கவாட்டில் விட்டு இறக்குங்கள்.

சாப்பாடு: நெய்யைப் போல வேறில்லை, கிராமுக்கு 9 கலோரி. ஒரு நாளைக்கு ஒருவருக்கு நெய் 120 கிராம், கொட்டை வகை 200, சாக்லேட் 150, ஓட்ஸ் 150, பால்பொடி 50, உறைநிலையில் உலர்த்திய இரவு உணவு 200, பிஸ்கட் 50. மொத்தம் 920 கிராம், ஏறத்தாழ 5,000 கலோரி. கடலைமிட்டாய் பிரமாதம், ஆனால் மைனஸ் 30-ல் பல் உடையும். ஊரிலேயே சுண்டுவிரல் நகமளவு உடைத்துப் பொட்டலம் போடுங்கள். கருவாடு வேண்டவே வேண்டாம். கொழுப்பில்லை, உப்பு தாகம் கொடுக்கும், தாகத்துக்குப் பனி உருக்க எரிபொருள் வேண்டும். அதோடு அந்த வாசம் பனிக்கரடிக்கு அழைப்பு.

தேவிபட்டினம்_செல்வி பதில்:

கரடின்னு கடைசி வரியில விட்டுட்டீங்களே அண்ணே. பாஃபின் கரையில அது தினசரி விஷயம். கூடாரத்தைச் சுத்தி இடுப்புயரத்துல வெடியோட இணைச்ச கம்பிவேலி, கையில ஒளிவெடி, கடைசிக்குத் துப்பாக்கி. துப்பாக்கிக்கான அனுமதி, ஆள் ரெண்டையும் வழிகாட்டி மூலமாவே முடிச்சிடுங்க. துப்பாக்கியைக் கூடாரத்துக்குள்ள வைக்கக் கூடாது, ஈரம் படிஞ்சு உறைஞ்சு இயங்காது. எண்ணெயைத் துடைச்சு வெளிக்கூடாரத்துல வைக்கணும். ஐஸ் மேட்டுக்கு ஒட்டி முகாம் வேண்டாம். காத்துக்கு மறைவுதான், கரடிக்கும் அதே மறைவு.

கூடாரம் பத்தி ஒரு விஷயத்துல எல்லாரும் தப்புக்கணக்குப் போடுறாங்க. அஞ்சு பேருன்னா மூணு பேர் கூடாரம் ஒண்ணு, ரெண்டு பேர் கூடாரம் ஒண்ணுன்னு வாங்காதீங்க. ஒண்ணு எரிஞ்சாலோ காத்துல போனாலோ அஞ்சு பேரும் மத்ததுல அடங்கணும். மூணு பேர் கூடாரமே ரெண்டு. அடுப்பும் ரெண்டு, பம்பு மூணு, ஏன்னா குளிர்ல முதல்ல போறது பம்புல இருக்குற ரப்பர் வளையம். வெள்ளைப் பெட்ரோல் ஆளுக்கு நாளைக்குக் கால் லிட்டர். அஞ்சு பேர், பன்னிரண்டு நாள், 15 லிட்டர். உபரி மூணு நாளோட 19. அதை அங்க போய்த்தான் வாங்கணும், விமானத்துல ஏத்த மாட்டாங்க. பழைய அடுப்புல எரிபொருள் வாசம் அடிச்சாக்கூட விமான நிலையத்துல பறிச்சிடுவாங்க, அதனால புதுசாவோ, கழுவி வாசம் போனதாவோ எடுத்துட்டுப் போங்க. ஊத்தும்போது கையுறை கட்டாயம்: மைனஸ் 30-ல இருக்குற பெட்ரோல் உறையாது, ஆனா தோல்ல பட்டா அந்த இடம் உடனே உறையும்.

ஊர்ல ஒருத்தர் பொறுப்பா இருக்கணும். அங்க ராத்திரி எட்டு மணின்னா இங்க அடுத்த நாள் காலை அஞ்சரை. தினமும் அந்த நேரத்துக்கு இடம், உடல்நிலை, நாளைய திட்டம் மூணும் செய்தியா வரணும். ஒரு தடவை வரலன்னா காத்திருக்கலாம். ரெண்டு தடவை வரலன்னா யாருக்கு முதல்ல கூப்பிடணும்ங்கிறது எழுதி அவர் கையில இருக்கணும், அந்த நேரத்துல யோசிக்கக் கூடாது. கனடா ஐஸ் சேவை வெளியிடுற ஐஸ் வரைபடத்தையும் சென்டினல்-1 செயற்கைக்கோளோட ரேடார் படத்தையும் தினம் பாத்து, ஐஸ் விளிம்பு எங்க இருக்குன்னு அவரே உங்களுக்குச் சொல்லலாம். ரேடாருக்கு மேகமும் இருட்டும் தடையில்ல.

அந்தச் செய்திக்கு இரிடியம் சாட்டிலைட் போன்தான் சரி. அதோட செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு சுத்துலயும் துருவத்துக்குப் பக்கமாப் போகுது. ஆனா அதை இங்க வாங்கிட்டுப் போகாதீங்க, திரும்பி வரும்போது கொண்டும் வராதீங்க. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம சாட்டிலைட் போன் இந்தியாவுக்குள்ள வச்சிருக்கறதே குற்றம். இலங்கைக்கு எதிர்க்கரையில இருக்குற நம்ம மாவட்டத்துல விளக்கம் சொல்லி முடியாது. கனடாவுலயே வாடகைக்கு எடுத்து, அங்கயே திருப்பிக் கொடுத்துட்டு வாங்க. செய்தி மட்டும் அனுப்புற சின்னக் கருவிக்கும் இதேதான்.